இப்னு பதூதா நடந்த காடுகள்

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் மலைப்பயணம் பற்றிய பேச்சு எழுவது வழக்கம். ஊட்டியா, கொடைக்கானலா, ஏற்காடா என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்குவார்கள். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கும் ஆலைப் புகைக்கும் நடுவே ஆண்டு முழுவதும் வாழும் குடும்பங்களுக்கு, இரண்டு நாள் பச்சை மரங்களின் நிழலில் நடந்துவிட்டு வருவது பெரும் அருட்கொடை. எனினும் இத்தகைய பயணங்களைப் பற்றி நம்மிடையே இரு வகையான எண்ணங்கள் நிலவுகின்றன. மலைக்கும் காட்டுக்கும் செல்வது மார்க்கத்தோடு தொடர்பில்லாத வெறும் கேளிக்கை என்பது ஒன்று. ஏதேனும் அற்புதம் சொல்லப்படும் இடமாக இருந்தால் மட்டுமே அங்கு செல்வதில் பயன் உண்டு என்பது மற்றொன்று.

இவ்விரண்டு எண்ணங்களையும் வரலாற்றின் துணைகொண்டு ஆராய விரும்புகிறோம். அதற்கு நமக்கு வாய்த்த சிறந்த சாட்சி, ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன் நம் தமிழ்க் கரையில் கால் பதித்த பெரும் பயணி இப்னு பதூதா ஆவார்.

லெபனான் மலையின் நிழல்

இப்னு பதூதா 1304ஆம் ஆண்டு மொராக்கோவின் தன்ஜா நகரில் பிறந்தவர். மத்தியதரைக் கடலும் அட்லாண்டிக் பெருங்கடலும் சந்திக்கும் நீரிணையின் கரையில் அமைந்த ஊர் அது. மார்க்கச் சட்டம் பயின்ற குடும்பத்தைச் சேர்ந்த அவர், 1325இல் தமது இருபத்தொன்றாம் வயதில் ஹஜ் கடமையை நிறைவேற்றும் எண்ணத்தோடு தனியே வீட்டை விட்டுப் புறப்பட்டார். மீண்டும் தாயகத்தை அடைய ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று.

1326ஆம் ஆண்டு டமாஸ்கஸ் நோக்கிச் செல்லும் வழியில் அவர் லெபனான் மலையைக் கடந்தார். உலகின் செழிப்பான மலைகளுள் ஒன்று என்று அதனை அவர் வருணிக்கிறார். பலவகைக் கனிகளும் நீரூற்றுகளும் அடர்ந்த நிழலும் அங்கு உண்டு என்றும், உலகப் பற்றை விட்டு இறைவணக்கத்தில் ஈடுபட்ட துறவோர் அம்மலையில் எக்காலமும் இல்லாமற் போவதில்லை என்றும் எழுதுகிறார். மலையின் கனியையும் நீரையும் நிழலையும் கூறிய அதே மூச்சில் வணக்கத்தையும் கூறிவிடுகிறார். அவருடைய பார்வையில் இவை வேறு வேறானவை அல்ல.

அந்த மலை அர்ஸ் எனப்படும் தேவதாரு இன மரங்களுக்குப் புகழ் பெற்றது. பண்டைய எகிப்தியரும் பினீசியரும் கப்பலுக்கும் கோயிலுக்கும் அம்மரங்களையே வெட்டிச் சென்றனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே ரோமப் பேரரசர் ஹேட்ரியன், குறிப்பிட்ட நான்கு வகை மரங்கள் அரசுக்கு உரியவை என்று பாறைகளில் எழுத்துப் பொறிக்கச் செய்தார். ஆயினும் வெட்டு நிற்கவில்லை. இன்று எஞ்சியிருப்பவை அங்கங்கே சில தோப்புகள் மட்டுமே. அவற்றுள் காதீஷா பள்ளத்தாக்கை ஒட்டிய தோப்பு 1998இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நாட்டின் வடக்கிலிருந்து தெற்குவரை மலை முதுகின் மீது 470 கிலோமீட்டர் அளவுக்கு நீளும் நடைபாதை ஒன்றும் இப்போது உண்டு. கொடியில் மரத்தை வைத்திருக்கும் நாடு, அந்த மரத்தைக் காட்டில் காப்பதற்குப் போராடிக்கொண்டிருக்கிறது.

ஸரந்தீபின் மலைவழி

டெல்லியில் முகம்மது பின் துக்ளக்கின் அவையில் காஜியாகவும், பின்னர் மாலத்தீவில் காஜியாகவும் பணியாற்றிய இப்னு பதூதா, 1344இல் மாலத்தீவிலிருந்து மஅபர் நோக்கிக் கப்பலேறினார். மஅபர் என்பது நம் தமிழகக் கீழைக்கரைக்கு அரபியர் இட்ட பெயர். காற்று திசை மாறியதால் கப்பல் இலங்கையின் புத்தளம் பகுதியை அடைந்தது. அப்பகுதியை ஆண்டவர் ஆரியச் சக்கரவர்த்தி. முத்துக் குளிக்கும் துறைகளுக்கு உரிமையாளர். பாரசீக மொழி அறிந்தவர். அவர் இப்னு பதூதாவை மரியாதையோடு வரவேற்று, என்ன வேண்டும் என்று கேட்டார். ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்ததாகக் கூறப்படும் மலையைக் காண வேண்டும் என்பதே தம் ஒரே விருப்பம் என்றார் பயணி.

இலங்கை முஸ்லிம்கள் அம்மலையைப் பாவா ஆதம் மலை என்கின்றனர். இந்துக்களுக்கு அது சிவனொளிபாதமலை, பௌத்தர்களுக்கு ஸ்ரீபாத. அதன் உயரம் 2,243 மீட்டர். மன்னர் பயணிக்குப் பல்லக்கு ஒன்றைக் கொடுத்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், மன்னரின் ஆட்கள் பதின்மர், உணவுப் பொருள்களைச் சுமக்கப் பதினைவர் ஆகியோரை உடன் அனுப்பினார். தன்ஜாவின் மாலிகி மத்ஹபு அறிஞர் ஒருவர், யோகிகளையும் பிராமணர்களையும் வழித்துணையாகக் கொண்டு காட்டுக்குள் நுழைகிறார். அதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை, அவர்களுக்கும் இருக்கவில்லை.

அக்காட்டு வழியில் யானைகள் மிகுதி. அவை வழிப்போக்கருக்குத் தீங்கு செய்வதில்லை என்று கூறும் இப்னு பதூதா, அதற்கு ஒரு வரலாற்றையும் சொல்கிறார். ஷீராஸ் நகரத்து இறைநேசர் அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் (ரஹ்) அவர்களே முஸ்லிம்களுக்கு இந்த வழியை முதலில் திறந்தவராம். அவருடன் வந்த ஏறத்தாழ முப்பது பேர் காட்டில் வழி தவறிப் பசியால் வாடினர். யானைக் குட்டி ஒன்றைப் பிடித்து உண்ண அவரிடம் அனுமதி கேட்டனர். அவர் தடுத்தார். அவர்கள் தடையை மீறி உண்டனர். அன்றிரவு யானைக்கூட்டம் வந்து ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துக் கொன்றது. ஷைகை முகர்ந்த யானையோ அவரைத் தன் முதுகில் ஏற்றிக் குடியிருப்புள்ள இடத்தில் கொண்டுபோய் விட்டது. அதைக் கண்ட ஊரார் அவரைக் கண்ணியப்படுத்தினர். அன்று முதல் முஸ்லிம் பயணிகளுக்கும் தங்கள் வீடுகளில் இடம் கொடுத்தனர்.

இது செவிவழிக் கதை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கால முஸ்லிம்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டைப் பற்றி எத்தகைய கதையைச் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். பசித்தாலும் கன்றின் மீது கை வைக்காதவருக்குக் காடு வழிவிடுகிறது, வைத்தவருக்கு விடுவதில்லை.

மேலே செல்லச் செல்ல ஆறுகளும் குகைகளும் குரங்குக் கூட்டங்களும் வந்தன. மரத்திலிருந்தும் புல்லிலிருந்தும் மனிதன் மீது பாயும் அட்டைகளைப் பற்றியும், அவற்றின் மீது எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் விழுந்துவிடும் என்பதைப் பற்றியும் எழுதுகிறார். மழைக்காலத்தில் வால்பாறைக்கோ கொல்லிமலைக்கோ போய்வந்தவர்களுக்கு இந்தக் குறிப்பு புன்னகையை வரவழைக்கும்.

மலையுச்சிக்கு இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று ‘பாவா’ பாதை. மற்றொன்று ‘மாமா’ பாதை. முன்னது ஆதம் (அலை) அவர்களின் பெயராலும் பின்னது ஹவ்வா (அலை) அவர்களின் பெயராலும் வழங்கின. மாமா பாதை எளியது. திரும்பி வருவோர் அதில் இறங்குவர். ஏறும்போதே அதில் சென்றவரை மலைக்குச் சென்றவராக எவரும் ஏற்பதில்லையாம்! பாவா பாதை செங்குத்தானது. முன்னோர் பாறையில் படிகள் வெட்டி, இரும்பு முளைகளை அடித்து, பற்றி ஏறுவதற்குச் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தனர். சங்கிலிகள் பத்து. பத்தாவதன் பெயர் ஷஹாதாச் சங்கிலி. அதனை அடைந்தவர் கீழே பார்த்தால் விழுந்துவிடுவோமோ என்று அஞ்சிக் கலிமாவை மொழிந்துவிடுவார், அதனால் இப்பெயர். அதற்கப்பால் கிள்ரு (அலை) அவர்களின் பெயரால் வழங்கும் குகை ஒன்றும், மீன்கள் நிறைந்த சுனை ஒன்றும் இருந்தன. அந்தச் சுனையில் எவரும் மீன் பிடிப்பதில்லை. அங்கே மூன்று நாள் தங்கி, காலையிலும் மாலையிலும் உச்சிக்குச் சென்றுவருவது வழக்கம். பயணியும் அவ்வாறே செய்தார்.

மேலிருந்து பார்த்தபோது மேகங்கள் தமக்குக் கீழே பரந்து மலையடிவாரத்தை மறைத்திருந்தன என்கிறார். கடற்கரையில் பிறந்து கடலிலேயே அலைந்த ஒருவரின் வியப்பு அவ்வரிகளில் தெரிகிறது.

செவிச் செய்தியும் கண்ட செய்தியும்

மதரஸாவில் இப்பகுதியைப் பாடமாக நடத்தும்போது மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, அந்தப் பாதச்சுவடு உண்மையிலேயே ஆதம் (அலை) அவர்களுடையதா என்பதுதான். இக்கேள்விக்கு நேர்மையாக விடையளிப்பது ஆசிரியரின் கடமை.

ஆதம் (அலை) அவர்கள் பூமிக்கு இறக்கப்பட்டதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. எந்த நிலத்தில் என்று கூறவில்லை. வரலாற்றாசிரியர் இமாம் தபரீ (ரஹ்) போன்றோர், ஹிந்து நாட்டில் ஒரு மலையில் இறங்கினார்கள் என்று பல அறிவிப்புகளைத் தொகுத்துள்ளனர். அவை முன்னோரிடமிருந்து வந்த செய்திகள். மார்க்க நம்பிக்கையாகக் கொள்ளத்தக்க உறுதியான சான்றுகள் அல்ல. 851ஆம் ஆண்டு எழுதப்பட்ட அரபு வணிகர் நூலான ‘அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்’ அச்சுவட்டின் நீளத்தை எழுபது முழம் அளவில் கூறுகிறது. நேரில் சென்ற இப்னு பதூதாவோ பதினொரு சாண் என்கிறார். தூரத்தில் கேட்டவருக்கு எழுபது முழம். அருகில் நின்றவருக்குப் பதினொரு சாண். செவிவழிச் செய்தி எவ்வளவு வளரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

மற்றொரு செய்தி இதனினும் நுட்பமானது. அம்மலையில் இலை உதிராத மரங்களும் பல நிற மலர்களும் உண்டு, உள்ளங்கை அளவுள்ள சிவப்பு மலர் ஒன்றும் உண்டு என்று எழுதிய பின், அம்மலரின் மீது அல்லாஹ்வின் பெயரும் அவன் தூதரின் பெயரும் எழுதப்பட்டிருப்பதாக அவ்வூரார் சொல்கின்றனர் என்று குறிப்பிடுகிறார். மலரைப் பற்றிய செய்தி அவருடையது. எழுத்தைப் பற்றிய செய்தி ஊராருடையது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து தாமே வாசித்ததாக அவர் எழுதிவிடவில்லை. ஹதீஸ் கலை நமக்குக் கற்றுத்தரும் ஒழுக்கம் இதுவே: யார் சொன்னது, எவரிடமிருந்து கேட்டது, எது நேரில் கண்டது என்று பிரித்துச் சொல்வது.

அந்த மலர், அம்மலையில் இன்றும் பூக்கும் காட்டுப் பூவரசாக இருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. அதன் நெருங்கிய உறவு மரங்கள் நம் நீலகிரியின் உயர்ந்த சோலைகளிலும் கொத்துக் கொத்தாகச் சிவந்து பூக்கின்றன. நம் கைப்பேசிகளில் வாரம் தவறாமல் வந்து சேரும் படங்களை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். மரப்பட்டையில் ஓர் எழுத்து, மேகத்தில் ஓர் எழுத்து, மீனின் முதுகில் ஓர் எழுத்து. வந்ததும் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். அல்காஷியா அத்தியாயத்தில் அல்லாஹ் ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் பார்க்கச் சொல்கிறான். அவற்றின் மீது எழுத்துத் தேடச் சொல்லவில்லை. அவை எவ்வாறு படைக்கப்பட்டன, எவ்வாறு நாட்டப்பட்டன என்று பார்க்கச் சொல்கிறான். பாறை இடுக்கில், பனிக்காற்றில், இலையுதிர்க்காமல் நின்று சிவக்கும் மரம் தன்னளவிலேயே ஓர் அத்தாட்சி. அதன் இதழில் எழுத்து இருந்தால்தான் நம் ஈமான் நிலைக்கும் என்றால் குறை மலரிடம் இல்லை.

பனம்பழ விருந்தும் கோடரியும்

மலையிலிருந்து இறங்கிய இப்னு பதூதா, தெவுந்தரை, காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் திரும்பி, அங்கிருந்து மஅபர் நோக்கிக் கப்பலேறினார். நம் கரையை நெருங்கும் வேளையில் காற்று சீறியது. கப்பல் ஆழமற்ற நீரில் சிக்கிச் சிதையத் தொடங்கியது. உடன் வந்தோர் மரக்கட்டைகளைப் பிணைத்துக் கரையேறினர். அவர் இரவு முழுவதும் உடைந்த கப்பலிலேயே இருந்தார். விடிந்ததும் இந்தக் கரையின் மக்கள், முஸ்லிம் அல்லாதவர்கள், தங்கள் படகில் வந்து அவரைக் காப்பாற்றிக் கரை சேர்த்தனர். அருகிலிருந்த மரக்காட்டுக்கு அழைத்துச் சென்று உணவளித்தனர். தர்ப்பூசணி போன்ற ஒரு கனியைத் தந்தனர் என்றும், அதனுள்ளே பஞ்சு போன்ற நாரும் தேன் போன்ற சாறும் இருந்தன என்றும் அவர் எழுதுகிறார். பனம்பழத்தைச் சுட்டுச் சப்பியவர் எவருக்கும் அது எந்தக் கனி என்று விளங்கும். நல்ல மீனும் கொடுத்தார்களாம். தமிழ்நிலத்தில் அவருக்குக் கிடைத்த முதல் விருந்து, ஒரு காட்டு நிழலில், கடலோர மக்களின் கையால் கிடைத்தது.

அடுத்து அவர் கண்ட காடு வேறு.

அப்போது மதுரையை ஆண்டவர் கியாஸுத்தீன் தாமகானி. டெல்லியின் ஆளுநராக இருந்து 1330களில் தனியாட்சி அமைத்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மருமகன் அவர். அஹ்ஸன் ஷாவின் மற்றொரு மகளை இப்னு பதூதா டெல்லியில் மணந்திருந்தார். எனவே இருவரும் சகலர்கள். சுல்தான் அவரைத் தம் படையோடு அழைத்துச் சென்றார். வழியில் மரமும் நாணலும் நெருங்கி வளர்ந்த, எவரும் நுழைய முடியாத காடு. படையில் பெரியவர் சிறியவர் அனைவரும் கோடரி ஏந்த வேண்டும் என்பது சுல்தானின் ஆணை. காலையிலிருந்து நண்பகல்வரை வெட்டுவார்கள், உண்பார்கள், மாலைவரை மீண்டும் வெட்டுவார்கள். காட்டுக்குள் அகப்பட்ட மக்களைச் சிறைப்பிடித்து, இருமுனையும் சீவிய கழுமரங்களை அவர்கள் தோளிலேயே சுமக்க வைத்தனர். மறுநாள் காலையில் அக்கழுவிலேயே அவர்களை ஏற்றினர். பெண்களையும் குழந்தைகளையும் கூட விட்டுவைக்கவில்லை.

இப்னு பதூதா இதை மறைக்கவில்லை; நியாயப்படுத்தவும் இல்லை. வேறு எந்த அரசனும் செய்ததாகத் தாம் அறியாத அருவருப்பான செயல் இது என்றும், இதனாலேயே அல்லாஹ் அந்த மன்னனின் அழிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதினார். ஒரு நாள் உணவு விரிப்பில் அமர்ந்திருந்தபோது ஒரு மனிதனையும் அவன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொண்டுவந்து கொல்ல ஆணையிட்டனர். தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகக் கூறுகிறார். பின்னர் மதுரையில் பரவிய கொள்ளைநோயில் சுல்தானின் குடும்பத்தார் இறந்தனர். சுல்தானும் விரைவில் இறந்தார். அந்த அரசும் சில பத்தாண்டுகளுக்குள் விஜயநகரப் படைகளால் முடிவுற்றது.

இங்கே நாம் இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, அக்கொடுமையைச் செய்தவர் முஸ்லிம் பெயர் தாங்கிய மன்னர் என்பதற்காக அதை மறைப்பது நம் வேலை அல்ல. அவருடைய சகலரான முஸ்லிம் காஜியே அதைக் கண்டித்து எழுதிவைத்துவிட்டார். நாமும் அந்தக் கண்டனத்தின் பக்கமே நிற்க வேண்டும். இரண்டாவது, இப்னு பதூதாவையும் குறையற்றவராக உயர்த்த வேண்டியதில்லை. அதே அவையில் மாலத்தீவின் மீது படையெடுக்கும் திட்டத்தில் அவரும் பங்குகொண்டார். அதையும் அவரே எழுதியிருக்கிறார். 1355இல் ஃபேஸ் நகரில் அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் எழுதி முடித்த ‘ரிஹ்லா’ நூல், நல்லதையும் தீயதையும் ஒரே ஏட்டில் வைத்திருக்கிறது.

ஒரே மனிதர், ஒரே பயணத்தில் இவ்வளவையும் கண்டார். ஸரந்தீபில் விருந்தாளியாக நுழைந்தார். வழியறிந்தவர்களின் பின்னே நடந்தார். மீன் பிடிக்காத சுனையின் அருகே மூன்று நாள் தங்கினார். மஅபரில் கோடரியோடு நுழைந்த படையின் நடுவே சென்றார். மரத்தை வெட்டிய அதே கை, அக்காட்டில் வாழ்ந்த மனிதனையும் கழுவேற்றியது. காட்டை எதிரியாகக் காண்பவனுக்கு அதனை நம்பி வாழும் மக்களும் எதிரியாகவே தெரிவார்கள். இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது இந்த ஒன்றைத்தான்.

ஹிமா என்னும் ஏற்பாடு

காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் காப்பது நமக்குப் புதிதாக வந்த சிந்தனை அன்று. நபி (ஸல்) அவர்கள் மதீனாவைப் புனித எல்லையாக அறிவித்து, அதன் மரங்களை வெட்டுவதையும் விலங்குகளை வேட்டையாடுவதையும் தடுத்தார்கள். அந்நகீஃ என்னும் நிலத்தை ஹிமாவாக, அதாவது பொதுநலனுக்காகக் காக்கப்படும் நிலமாக ஒதுக்கினார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ரபதா போன்ற நிலங்களைச் சேர்த்தார்கள். அந்த ஹிமாவின் பொறுப்பாளருக்கு அவர்கள் இட்ட கட்டளை புகாரியில் பதிவாகியுள்ளது. அதன் கருத்து: சில ஒட்டகமும் சில ஆடும் மட்டுமே உள்ள ஏழையை உள்ளே விடு, இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் போன்ற செல்வரின் மந்தைகளை விடாதே, செல்வரின் கால்நடை அழிந்தால் அவருக்குத் தோட்டமும் வயலும் உண்டு, ஏழைக்கு வேறு வழியில்லை.

செல்வராகக் குறிக்கப்பட்ட இருவரும் சுவர்க்கத்திற்கு நன்மாராயம் பெற்ற நபித்தோழர்கள் என்பதை நினைவிற்கொள்க. அவர்களுக்கே அந்த நிலத்தில் முன்னுரிமை இல்லை. இன்று லெபனானில் சில ஊர்களில் இந்த ஹிமா முறையை ஊர்மக்களே மீண்டும் உயிர்ப்பித்து, பறவைகளையும் ஈரநிலங்களையும் காத்துவருகின்றனர். நம் மரபு நூல்களில் தூசு படிந்திருந்த ஒரு சொல், மத்தியதரைக் கடலோர மலைகளில் மறுபடியும் வேலை செய்கிறது.

மலையின் நீர் எண்ணூருக்கு வருகிறது

வடசென்னையில் மலை ஏது, காடு ஏது என்று கேட்கலாம். பாவா ஆதம் மலையின் காடுகளில் பிறக்கும் களனி ஆறுதான் கொழும்பில் கடலைச் சேர்கிறது. அதைப்போலவே நகரி மலைப்பகுதியின் நீரைப் பெறும் கொசஸ்தலையாறு, பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து, நம் எண்ணூரில் கடலைச் சேர்கிறது. மலைக்காட்டின் மழை நம் வாசலுக்கு வந்துவிட்டுத்தான் கடலுக்குப் போகிறது. அது சேருமிடத்தில் அல்லாஹ் ஒரு காட்டையும் வைத்திருக்கிறான்: உப்பு நீரில் வேரூன்றி நிற்கும் அலையாத்திக் காடு. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும் தொட்டில் அது.

அத்தொட்டிலின் நிலையை நாம் அறிவோம். அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து ஆழம் குறைந்துவிட்டது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து அலையாத்தி வேர்களிலும் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. மீனவர்கள் வாளியையும் குவளையையும் கொண்டு அதை அள்ளினார்கள். 680 ஆண்டுகளுக்கு முன் உடைந்த கப்பலிலிருந்து ஒரு முஸ்லிம் பயணியைக் காப்பாற்றி, பனம்பழமும் மீனும் கொடுத்தவர்கள் இதே தமிழ்க் கரையின் கடலோர மக்கள். அக்கடனை நம் சமுதாயம் எந்த வகையில் திருப்பிச் செலுத்துகிறது? எண்ணெய் படிந்த நாள்களில் நம் மஹல்லாக்களிலிருந்து எத்தனை பேர் அங்கே போய் நின்றோம்? ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. உமர் (ரலி) அவர்களின் கட்டளைப்படி பார்த்தால், அந்தக் கழிமுகத்தில் முதல் உரிமை சிறு வலை கொண்ட ஏழைக்கே உரியது.

செல்வோருக்கு ஒரு சொல்

மலைக்குச் செல்ல விரும்பும் குடும்பங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பூண்டிக்கு அப்பால் திருவள்ளூர் மாவட்டத்திலேயே குடியம் குகைகளுக்குச் செல்லும் காட்டுப்பாதை இருக்கிறது. பழங்காலக் கற்கருவிகளுக்குப் புகழ்பெற்ற அத்திரம்பாக்கம் அதன் அருகில்தான். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை இணையவழிப் பதிவோடு திறந்த 40 மலையேற்றப் பாதைகளுள் குடியமும் ஒன்று. காட்டுத்தீ அபாயமுள்ள மாதங்களில் இப்பாதைகள் மூடப்படும். எனவே முன்கூட்டியே விசாரித்துச் செல்க. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் உயிரிழந்ததை மறந்துவிடலாகாது. அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் செல்லாதீர்கள். இப்னு பதூதாவுக்கு யோகிகள் முன்னே நடந்தார்கள். நமக்கு வனத்துறையின் வழிகாட்டிகள் முன்னே நடக்கட்டும்.

நீர்நிலைகளிலும் மக்கள் நடக்கும் வழியிலும் நிழல் தரும் இடத்திலும் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்துள்ளார்கள். மலைவழி என்பது இம்மூன்றும் ஒன்றுசேர்ந்த இடம். பிளாஸ்டிக் பையையும் தண்ணீர்ப் புட்டியையும் அங்கே எறிந்துவிட்டு வருபவர் இந்தத் தடையை எவ்வாறு எளிதாக எண்ணிவிட்டார் என்று தெரியவில்லை. கொண்டுபோன பொருளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். தொழுகை நேரத்தில் சுத்தமான பாறையில் விரிப்பை விரித்துக் குடும்பத்தோடு ஜமாஅத்தாகத் தொழுங்கள். பிள்ளைகளிடம் மரத்தின் பெயரையும் பறவையின் பெயரையும் வழிகாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். கண்டதைக் கண்டபடியும், கேட்டதைக் கேட்டபடியும் வீட்டுக்கு வந்து எழுதச் சொல்லுங்கள். அதுவே ஒரு சிறிய ரிஹ்லாவாக அமையும்.

அதற்கு முன் ஒரு விடுமுறைக் காலையில் பிள்ளைகளை எண்ணூர்க் கழிமுகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். எஞ்சி நிற்கும் அலையாத்தி மரங்களையும், அவற்றின் மீது படிந்திருப்பதையும் காட்டுங்கள். தூரத்து மலையை நேசிக்கக் கற்பதற்கு முன், அம்மலையின் நீர் வந்து சேரும் நம் கரையைக் காண அவர்களுக்கு உரிமை உண்டு.

வல்ல அல்லாஹ் தன் படைப்புகளைச் சிந்தித்துப் பார்க்கும் கண்களையும், அவற்றைச் சேதப்படுத்தாமல் காக்கும் கரங்களையும், அநீதியை யார் செய்தாலும் அநீதி என்று சொல்லும் நாவையும் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.